வாறுகால் தண்ணி கடலில் கலக்கிறது: யார் மேல் வழக்குப் போடுவது?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோரப் பேரூராட்சி எங்கள் ஊர். ரெண்டு வருஷமாக எல்லாத் தெரு வாறுகாலையும் ஒரே ஓடையில் இணைத்து அப்படியே கடலில் விடுகிறார்கள். ராத்திரியில் செப்டிக் டேங்க் லாரியும் அங்கேதான் கொட்டுகிறது. பாசி எடுக்க இறங்கும் அம்மாவுக்குக் காலெல்லாம் புண். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்தும், "நிதி வந்ததும் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவோம்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதலில் அம்மாவை டாக்டரிடம் காட்டி, அந்தச் சீட்டை எடுத்து வையுங்கள், பின்னால் அதுவும் சாட்சிதான்.

நிதி இல்லை என்பது சட்டத்தில் செல்லாத பதில். ரத்லாம் நகராட்சி வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-இன்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் பேரூராட்சியும் கழிவுநீரை வெளியே விட முடியாது, 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையோ ஊர்க் கழிவை சுத்திகரிக்காமல் விடுவதையே தடை செய்கிறது. அதனால் மறுபடி மனு எழுதிக்கொண்டு அலையாமல், பத்து ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ (தகவல் உரிமை) மனு போட்டு, அந்த ஓடைக்கு இசைவு ஆணை இருக்கிறதா, கழிவு லாரிக்கு உரிமம் இருக்கிறதா, கொட்ட எந்த இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், ஆணை இல்லை என்று எழுத்தில் வந்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

மாதிரித் தண்ணீர் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நீங்கள் பாட்டிலில் பிடித்து தனியார் லேபில் கொடுத்து வாங்கும் ரிப்போர்ட், புகாருக்கு வலு சேர்க்கும், ஆனால் தண்ணீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறபடி வாரிய அதிகாரி நோட்டீஸ் கொடுத்து எடுத்த மாதிரிக்கு இருக்கும் மதிப்பு அதற்கு வராது. ஆகவே வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, ஓடை கடலில் சேரும் இடத்திலும் பக்கத்து ஊற்றிலும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். நம் கரையில் நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல் மிதக்கிற மெல்லிய அடுக்குதானே, மேலிருந்து கழிவு இறங்கினால் அதுதான் முதலில் கெடும், ஊற்றை விட்டுவிடாதீர்கள். அதே கடிதத்தில், அந்தச் சட்டத்தின் 49-ஆம் பிரிவின்படி அறுபது நாள் நோட்டீஸ் என்றும் எழுதுங்கள். அந்தக் கெடு முடிந்ததும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நீங்களே புகார் கொடுக்கலாம்.

அப்புறம் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். தென் மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் போனால் பிரச்சினை தொடங்கியதிலிருந்து ஆறு மாதம்தான் கெடு, போதிய காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள். உங்களுக்கு ரெண்டு வருஷம் ஓடிவிட்டது, தினமும் தொடர்கிற தவறு என்று வாதாடலாம், ஆனாலும் அதை மட்டும் நம்பி நிற்க வேண்டாம். இழப்பீடும், கெட்ட இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் 15-ஆம் பிரிவில் வரும், அதற்கு ஐந்து வருஷம் கெடு. அதைச் சேர்த்தே கேளுங்கள். பேரூராட்சி, ஆட்சியர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூவரையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள். எதிரே மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஏதாவது இருந்தால் வனத்துறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கடல்புல்லும் பவளப்பாறையும் அவர்கள் பொறுப்பு.

தனியாளாகப் போக வேண்டாம். பாசி எடுக்கும் அக்காமார் நாலைந்து பேரை, எந்த இடத்தில் இறங்குகிறோம், எப்போதிலிருந்து புண் வருகிறது என்று பிரமாணப் பத்திரம் கொடுக்கச் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும். எனவே அம்மா பெயரிலேயே மனுவைப் போடுங்கள்.