குவாரி வெடியும் சுவர் விரிசலும்: அதிர்வை அளக்கச் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து குவாரி வெடியால் வீட்டுச் சுவர் விரிசல் விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள், அண்ணா. சத்தத்தை வைத்து வாதாட வேண்டாம். பார்க்க வேண்டியது நில அதிர்வு. சாதாரணச் செங்கல் வீட்டுக்கு, அதிர்வு 8 ஹெர்ட்சுக்குக் கீழே (நொடிக்கு 8 முறைக்கும் குறைவாக) இருந்தால், நிலம் அசையும் வேகத்துக்கு நொடிக்கு 5 மில்லிமீட்டர்தான் வரம்பு என்று சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-லேயே சொல்லிவிட்டது. மொத்த வெடிமருந்தைவிட, ஒரே கணத்தில் எத்தனை கிலோ வெடிக்கிறது என்பதே முக்கியம். பாறையில் போட்ட வெடிமருந்துக் குழிகளை ஒன்றன்பின் ஒன்றாக மில்லிசெகண்ட் இடைவெளியில் வெடித்தால் அதிர்வு நன்றாகக் குறையும். அப்படித்தான் வெடிக்கிறார்களா என்று கேளுங்கள்.

அப்புறம், விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள்; விரிசல் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். வேலந்தாவளத்தில் எங்கள் வீட்டில் மூன்றாவது வெடிக்கே அது டிக்கென்று இரண்டாகிவிட்டது. அந்தப் போட்டோவோடு ஜியாலஜி ஆபீஸில் மனு கொடுத்து, அஸ்திவாரத்தை ஒட்டி அதிர்வை அளக்கும் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள்.