நைதரசன் கன்னை அறைக்குள் வைக்கலாமா?

கேள்வி: கொக்கட்டிச்சோலைப் பக்கம் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் வேலை செய்கிறேன். விந்துக் குச்சிகளைக் குளிரில் வைத்திருக்கும் 20 லீற்றர் திரவ நைதரசன் கன் (கொள்கலன்) படுக்கையறை மூலையில்தான் இருக்கிறது. இரவில் யன்னலைப் பூட்டித்தான் படுப்போம். பிள்ளைகளுக்கு ஆபத்தா?

பதில்: இன்றைக்கே அதை வெளியே எடுங்கள். காற்றோட்டமுள்ள விறாந்தையில், வெயில் படாமல், பிள்ளைகளும் கன்றுகளும் தட்டிவிடாதபடி வையுங்கள்.

நல்ல கன்னில் ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் ஆவியாகும். அது கவிழ்ந்தால், அல்லது கன்னின் இரட்டைச் சுவருக்குள் குளிரைக் காக்கும் வெற்றிடம் போனால்தான் பிரச்சினை. ஒரு லீற்றர் திரவம் ஏறக்குறைய 700 லீற்றர் வாயுவாகும். 20 லீற்றர் என்றால் 14,000. 10 அடிக்கு 10 அடி அறையில் மொத்தக் காற்றே சுமார் 25,000 லீற்றர்தான். இந்த வாயு நாம் சுவாசிக்கும் ஒட்சிசனைத் தள்ளிவிடும். குளிர்ந்த வாயு தரையோடு தங்கும். பாயில் படுக்கும் பிள்ளைகளைத்தான் முதலில் தாக்கும். மணமில்லை, மூச்சும் முட்டாது, ஆள் அப்படியே மயங்கிவிடுவார்.

இதைக் கேட்டதும் சிலர் மூடியை இறுக்கி அடைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தத் தக்கை தளர்வாக இருப்பதே வாயு வெளியேறத்தான். துணி சுற்றி, டேப் ஒட்டி அடைத்தால் அழுத்தம் கூடிக் கன் வெடிக்கும். வாயு வெளியே வரட்டும், ஆனால் திறந்த வெளியில் வரட்டும்.

பாவித்த கன் விற்கும் தரகர்களை நம்பாதீர்கள். பெயின்ட் அடித்துப் 'புதுசு மாதிரி' என்பார்கள். வாங்குமுன் நிரப்பி, ஒரு நாள் வைத்துப் பாருங்கள். வெளி உடம்பில் பனி பூத்தால் வெற்றிடம் போய்விட்டது. எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

வேலைக்கென்று கன்னைக் கொடுக்கும் அலுவலகத்தார் நாலு இடத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு தாள் கொடுப்பதில்லை, கையுறையும் கண்ணாடியும் கொடுப்பதில்லை. −196 பாகை செல்சியஸ் திரவத்தை வெறுங்கையோடு ஊற்றச் சொல்வது என்ன நியாயம்? கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

வாகனத்தில் கொண்டுபோனால் யன்னல் திறந்திருக்கட்டும், ஏசி வேண்டாம். கன் உள்ள அறைக்குள் யாராவது விழுந்து கிடந்தால் உள்ளே ஓடாதீர்கள். காப்பாற்றப் போனவரும் விழுவார். முகக்கவசம் ஒட்சிசன் தராது. வெளியில் நின்றபடியே கதவு, யன்னலைத் திறந்துவிட்டு 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.