“டாக்டரைக் கேளுங்கள்” என்பது மட்டும்தான் பதிலா?

கேள்வி: என் தந்தை ஒன்பது நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். செவிலியர்கள் அன்பாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் “போய்ச் சாப்பிடுங்கள், கொஞ்சம் தூங்குங்கள்” என்றார்களே தவிர, எதைக் கேட்டாலும் “டாக்டரைக் கேளுங்கள்” என்றே சொன்னார்கள். குடும்பத்தாருக்கு என்ன தேவை என்பது அவர்களுக்குப் புரியாதா?

– வாசகி ஒருவர்

பதில்: புரியாமல் இல்லை, அம்மா. கண்ணுக்குத் தெரிவது மட்டும் புரிகிறது. உள்ளே வேலையாக இருக்கும் செவிலியர் நிமிர்ந்து பார்க்கும்போது தெரிவது உங்கள் சிவந்த கண்களும் வாடிய முகமும்தான்; ஆகவே, உங்களுக்கு வேண்டியது சோறும் தூக்கமும் என்று அவர் முடிவு செய்துவிடுகிறார்.

1979-இல் நான்சி மோல்ட்டர் என்ற அமெரிக்கச் செவிலியர், தீவிர சிகிச்சை பெற்ற நோயாளிகளின் உறவினர் 40 பேரிடம் 45 தேவைகளைப் பட்டியலிட்டுக் காட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று கேட்டார். நம்பிக்கைக்கு இடமிருக்கிறது என்று உணர்வதே அவர்களுக்கு முதன்மையாக இருந்தது. அந்தப் பட்டியலைப் பிற்காலத்தில் ஜேன் லெஸ்கி என்ற செவிலிய ஆய்வாளர் ஐந்து வகைகளாகப் பகுத்தார்: உறுதி (நோயாளி நன்றாகக் கவனிக்கப்படுகிறார், நம்பிக்கை இருக்கிறது என்ற மன உறுதி), தகவல், அருகில் இருத்தல், ஆதரவு, வசதி. இதே பட்டியலைக் கொண்டு பல நாடுகளில் உறவினர்களையும் செவிலியர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். உறவினர்கள் பெரும்பாலும் உறுதியையும் தகவலையும் மேலே வைத்து வசதியைக் கடைசிக்குத் தள்ளியிருக்க, செவிலியர்களோ உறவினரின் தேவைகள் பலவற்றைக் குறைத்தே மதிப்பிட்டிருக்கிறார்கள்.

நானும் அந்தப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள். இந்தத் தவற்றைச் செய்தவள். ஒருமுறை மானிட்டர் அலறியது. நோயாளி விரலை அசைத்ததில் விரலில் மாட்டியிருந்த கிளிப் நழுவியிருந்தது, அவ்வளவுதான். அதைச் சரியாக மாட்டி, ஒலியை நிறுத்திவிட்டு, அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அவருடைய மகள் வாயைப் பொத்தியபடி அதே இடத்தில் நின்றிருந்தாள். “கிளிப் கழன்றது, வேறொன்றுமில்லை” என்று சொல்ல எனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? அதேபோல், ஒரே கேள்வியை நான்காம் முறை கேட்பவரைத் தொல்லை என்று நினைத்திருக்கிறேன். பதற்றத்தில் முதல் பதில் அவர் காதில் ஏறவே இல்லை என்பது வெகுநாள் கழித்தே உறைத்தது.

“டாக்டரைக் கேளுங்கள்” என்பதிலும் பாதி நியாயம் உண்டு. பிழைப்பாரா, எப்போது எழுவார் என்பதையெல்லாம் செவிலியர் சொல்லக் கூடாது. ஆனால், இரவில் காய்ச்சல் தணிந்ததா, கண் திறந்தாரா, வலிக்கு மருந்து கொடுத்தார்களா என்பதெல்லாம் அவரே பார்த்தவை, அவரே செய்தவை. அவற்றைச் சொல்வதில் அவருக்குத் தடை இருக்க வேண்டியதில்லை.

இனி இப்படியொரு நிலை யாருக்கேனும் நேர்ந்தால், வீட்டில் ஒருவரே பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். செவிலியருக்கு வசதியான நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேள்வியையும் சற்று மாற்றிப் பாருங்கள். “அப்பா எப்படி இருக்கிறார்?” என்றால் உங்களை டாக்டரிடம் அனுப்புவார்கள். “நேற்று இரவிலிருந்து என்ன மாறியிருக்கிறது?” என்றால், கையிலிருக்கும் சார்ட்டைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.