மறக்கடிக்க எத்தனை நாள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் மனைவியும் டாலஸில் இருக்கிறோம். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். நீண்ட காத்திருப்புக்குப் பிறகு மகாராஷ்டிரத்தில் ஓர் இல்லத்திலிருந்து அக்கா, தம்பி இருவரைத் தத்தெடுக்கப் போகிறோம். அவளுக்கு ஆறு வயது, அவனுக்கு நாலு. தடையில்லாச் சான்று வந்துவிட்டது. ஆட்சியர் உத்தரவுக்கு இனிமேல்தான் மனு போட வேண்டும். எத்தனை நாள் விடுப்பு எடுப்பது? இருவருமே போக வேண்டுமா? பெயரை நல்ல தமிழ்ப் பெயராக மாற்றலாமா? வரும் வழியில் கும்பகோணத்தில் அம்மாவிடம் காட்டி, குலதெய்வத்துக்கு மொட்டை போட்டுவிட்டுக் கிளம்பச் சொல்கிறார்கள் வீட்டில். எங்கள் பெரிய கவலை வேறு. இல்லத்து வாழ்க்கையை இவர்கள் மறக்க எவ்வளவு நாள் ஆகும்? தத்துப் பிள்ளைகள் என்பதை எந்த வயதில் சொல்வது?

எம்.

அன்புள்ள எம்.,

வாழ்த்துகள். இரண்டு பேரையும் பிரிக்காமல் சேர்த்து எடுப்பதற்குத் தனியாக ஒரு வாழ்த்து.

உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்து எரிச்சல்தான் வந்தது, மறைப்பானேன். ஆறு வயதுப் பெண்ணிடம் அவள் தத்துப் பிள்ளை என்பதை எந்த வயதில் சொல்வது என்று கேட்கிறீர்கள். அவளுக்குத் தெரியாதா? இல்லத்தில் எந்தப் பிள்ளையைப் பெட்டியோடு கூட்டிப்போனார்கள், எந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போனார்கள் என்பதெல்லாம் கணக்கு வைத்திருப்பாள். நீங்கள் அவளிடம் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் நிறைய இருக்கிறது.

சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். விடுப்பு: குறைந்தது மூன்று வாரம், தேதி மாற்றக்கூடிய டிக்கெட். ஆட்சியர் உத்தரவு, அதைக் காட்டி உங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ், அதைக் காட்டி பாஸ்போர்ட், இந்தியாவின் மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காரா தரும் ஹேக் இணக்கச் சான்று (நாடு விட்டு நாடு தத்துக்கான ஹேக் உடன்படிக்கைப்படி எல்லாம் நடந்தது என்பதற்கு), மருத்துவப் பரிசோதனை, டெல்லியில் விசா. ஒன்று முடியாமல் அடுத்தது நகராது. 2022 செப்டம்பருக்கு முன்பு நீதிமன்றம் கொடுத்த உத்தரவை இப்போது மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார். சட்டம் அவருக்கு இரண்டு மாதக் கெடு வைத்திருக்கிறது. கெடுவை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். எப்போது கிளம்புவது என்பதை உங்கள் தத்து முகமை சொல்லட்டும்.

வழியில் சிக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று காசநோய்ச் சோதனை. இரண்டு வயதுக்கு மேல் ரத்தம் எடுப்பார்கள். அதில் ஏதாவது தெரிந்தால் மார்பு எக்ஸ்ரே, அதிலும் சந்தேகம் வந்தால் சளியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. அதன் முடிவு வர எட்டு வாரம்வரை ஆகலாம். இல்லத்தில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று இப்போதே கேளுங்கள்.

இன்னொன்று நம் இனிஷியல். உங்கள் அப்பா பெயர் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் உங்கள் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். மனைவிக்கு அவருடைய அப்பா பெயரோ உங்கள் பெயரோ இருக்கும். பிள்ளைகளுக்கு எது? மனு போவதற்கு முன்பே முடிவு செய்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து முகமைக்கு அனுப்புங்கள். உத்தரவில் ஒரு எழுத்து கூடினாலும் பாஸ்போர்ட் அலுவலகம் நிறுத்திவிடும். உத்தரவைத் திருத்த மறுபடி ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்க வேண்டும். கூப்பிடும் பெயரை மாற்றாதீர்கள். அவள் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே சொத்து அது. தமிழ்ப் பெயர் ஆசையிருந்தால் இரண்டாம் பெயராகச் சேருங்கள்.

மொட்டை கூடவே கூடாது. முன்பின் தெரியாத இருவர் வண்டியில் ஏற்றிப்போய், பாஷை தெரியாத ஊரில் பத்துப் பேர் சூழ உட்காரவைத்துத் தலையை வழித்தால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்? விசாவுக்கு எடுத்த படத்தில் முடியும் விமான நிலையத்தில் வழுக்கையுமாக நிற்பது வேறு கதை. அம்மாவிடம் வீடியோவில் காட்டுங்கள். அடுத்த ஆண்டு நேரில் போகலாம். குலதெய்வம் கோபித்துக்கொள்ளாது.

மறப்பது பற்றிய கேள்விக்கு வருகிறேன். சில வாரங்களாக நானே பழைய தத்துக் கோப்புகளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில். மறக்கடிக்க நீங்கள் எந்தப் பாடும் பட வேண்டாம். அது தானே நடக்கும். டாலஸில் மராத்தி பேச ஆளில்லாவிட்டால் தம்பியின் மராத்தி சில மாதங்களில் போய்விடும். அக்காவுடையது தம்பியோடு பேசும்வரை கொஞ்சம் கூடுதலாக நிற்கும். பாஷையோடு நினைவும் கழன்றுவிடும். அவனுக்கு இருபது வயதாகும்போது இந்த இல்லத்தைப் பற்றி அநேகமாக ஒன்றுமே ஞாபகம் இருக்காது. அக்கா சொல்வதுதான் சாட்சி, அதுவும் பாதி அவளாகக் கோத்துக்கொண்டதாக இருக்கும். அன்றைக்கு அவன் வந்து கேட்பான். அப்போது உங்கள் கையில் என்ன இருக்கும் என்பதை இந்த மூன்று வாரப் பயணம்தான் தீர்மானிக்கிறது.

எழுபதுகள், எண்பதுகளில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளுக்குத் தத்துப் போனார்கள். நீதிமன்றத்தில் தாய் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களில் காசுக்கு அமர்த்தப்பட்ட பெண்களும் உண்டு. வளர்ந்து தேடிவந்த பிள்ளைகள் கோப்பில் இருந்த பெயரைப் பிடித்துக்கொண்டு போய், தமக்குச் சம்பந்தமில்லாத பெண்ணின் வாசலில் நின்றார்கள். நெதர்லாந்து 2021-இல் வெளிநாட்டுத் தத்தை நிறுத்தி வைத்தது. தென்கொரியாவின் உண்மை ஆணையம் 2025-இல், பெற்றோர் இருந்த குழந்தைகளையும் அநாதை என்று பதிந்து அனுப்பியதைக் கண்டறிந்து சொன்னது. சென்னையிலேயே 2005-இல், குடிசைப் பகுதிகளிலிருந்து திருடிய குழந்தைகளைத் தத்துக்கு விற்ற கும்பல் பிடிபட்டது.

‘அதெல்லாம் அந்தக் காலம்’ என்பீர்கள். உண்மைதான். இந்தியா 2003-இல் ஹேக் உடன்படிக்கையை ஏற்றது. இன்றைக்குக் காராவின் இணையப் பதிவு இருக்கிறது, குழந்தைகள் நலக் குழுவின் விசாரணை இருக்கிறது, தாயே ஒப்படைத்தால் மனம் மாற 60 நாள் அவகாசம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளின் கோப்பில் திருட்டு இருக்கும் என்று நான் சொல்லவில்லை. நேர்மையான கோப்பும் மெலிந்தே இருக்கும். குழந்தையின் ஆய்வறிக்கை நான்கைந்து பக்கம், அதில் பாதி எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாக்கியம். மீதி வாழ்க்கை அந்தக் கட்டடத்துக்குள், ஆட்களின் தலைக்குள் இருக்கிறது. ஆயாக்கள் மாறுவார்கள், கண்காணிப்பாளர் ஓய்வு பெறுவார், இல்லமே மூடப்படலாம்.

அதனால் பிள்ளைகளை ஒப்படைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஊர் போய்ச் சேருங்கள். முதல் நாள் காகிதங்களுக்கு. தத்துக்கு உரியவர்கள் என்று குழந்தைகள் நலக் குழு அறிவித்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் அவர்கள் வந்த தேதி, நேரம், அழைத்து வந்தது காவலரா உறவினரா, என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் எடுத்த எடை, உயரம், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் வாங்குங்கள்.

கைவிடப்பட்ட குழந்தையென்றால் செய்தித்தாளில் படத்தோடு அறிவிப்பு வந்திருக்க வேண்டும். அதன் பெயரையும் தேதியையும் வாங்கிவிடுங்கள். அந்தத் தாள் பொதுவில் வந்தது, யாரும் மறைக்க முடியாது. அந்தப் பிள்ளையின் ஆகப் பழைய படமும் பெரும்பாலும் அதுதான். சீனாவிலிருந்து தத்தெடுத்த அமெரிக்கக் குடும்பங்கள் இப்படிப்பட்ட பத்திரிகை அறிவிப்புகளைப் பல ஆண்டுகள் கழித்துக் காசு கொடுத்துத் தேட வேண்டியிருந்தது. நீங்கள் அன்றைக்கே கேட்டால் இலவசம்.

பெற்றவளின் பெயரைத் துருவாதீர்கள். ஒப்படைத்த தாயின் அந்தரங்கத்தைச் சட்டம் காக்கிறது, அது சரியும்கூட. குமாஸ்தாவின் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்து வாங்கும் பெயர் உண்மையாக இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? எந்த ஊர், எந்தச் சூழ்நிலை, என்ன காரணம் என்பதைக் கேட்கலாம். பதினெட்டு முடிந்ததும் வேர்களைத் தேட அவர்களே விண்ணப்பிக்கலாம், அதற்கு முன்பு உங்களோடு சேர்ந்து. அன்றைக்கு அந்த விண்ணப்பத்துக்குத் தேவைப்படும் தேதிகளும் எண்களும்தான் இப்போது நீங்கள் சேர்ப்பது.

இரண்டாம் நாள் ஆட்களுக்கு. ‘மாவ்ஷி’ என்று பிள்ளைகள் கூப்பிடும் ஆயாவைக் கண்டுபிடியுங்கள். அலுவலகத்தில் சேலை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருப்பவரை அல்ல, இரவுப் பணியில் இருப்பவரை. அவர் அனுமதியோடு போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். தம்பி எந்தப் பக்கம் திரும்பித் தூங்குவான், விளக்கு எரிய வேண்டுமா, காய்ச்சல் வந்தால் யாரிடம் போவான், அக்கா எதற்குப் பயப்படுவாள், யாரோடு சண்டை, எந்தப் பாட்டு. பிள்ளைகளின் பெயரை அவர் கூப்பிடுகிற மாதிரி நாலு தடவை கூப்பிடச் சொல்லுங்கள். கணபதி விழாவில் எடுத்த படங்கள் இல்லத்து ஆல்பத்தில் இல்லாவிட்டாலும் ஊழியர்களின் போனில் இருக்கும். படுக்கும் இடம், சாப்பிடும் தட்டு, வாசல் கதவு, பள்ளிக்கூடம் போகும் தெரு எல்லாவற்றையும் படமெடுங்கள். மற்றப் பிள்ளைகளின் முகம் படத்தில் விழுந்தால் முதலில் இல்லத்தின் அனுமதி கேளுங்கள், இணையத்தில் எங்கும் ஏற்றாதீர்கள். அவர்கள் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். உங்கள் பிள்ளைகள் எப்படி அங்கே வந்தார்கள் என்பதை ஃபேஸ்புக்கில் எழுதுகிற உரிமையும் உங்களுக்கு இல்லை.

இருவரும் போக வேண்டுமா என்றீர்களே, இதற்காகத்தான் போக வேண்டும். ஒருவர் பிள்ளைகளோடு, ஒருவர் நோட்டோடு.

கிளம்பும்போது அவர்கள் போட்டிருக்கும் துணியையும் செருப்பையும் ஹோட்டல் குப்பைத்தொட்டியில் போடுவது நம்மவர்கள் செய்யும் முதல் காரியம். புதுத்துணி வாங்கிவிட்டோம் என்ற பெருமை வேறு. போடாதீர்கள். ஒரு துணியைத் துவைக்காமலே பையில் கட்டி வையுங்கள், முதல் சில இரவு அதன் வாசனை தேவைப்படும். புதுத்துணி வயதுக்கு ஒன்றிரண்டு அளவு சிறியதாக வாங்குங்கள். இல்லத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் வயதுக்குச் சிறுத்திருப்பார்கள். ‘பூக் லாக்லி’ பசி, ‘பாணி’ தண்ணீர், ‘ஷூ’வும் ‘ஷீ’யும் என்னவென்று நீங்களே ஊகிக்கலாம். இப்படி நாற்பது சொல் போதும், விமானத்துக்கு முன்பே மனப்பாடம் செய்யுங்கள். தலையணைக்கடியில் ரொட்டி ஒளித்து வைத்தால் திட்டாமல், எட்டும் உயரத்தில் வாழைப்பழம் வையுங்கள். தம்பிக்கு ஊட்டுவதை அக்காவிடமிருந்து பிடுங்காதீர்கள். இத்தனை நாள் அவனுக்கு அம்மா அவள்தான். முதல் வாய் அவள் ஊட்டட்டும், இரண்டாவது உங்கள் மனைவி.

டாலஸ் போனதும் முதல் வாரத்திலேயே காகிதங்களை ஸ்கேன் செய்து, குரல் பதிவுகளையும் சேர்த்து மூன்று இடத்தில் வையுங்கள். போன் தொலைந்தால் மாவ்ஷியின் குரலும் போய்விடும். முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைப் பற்றிய அறிக்கை காராவுக்குப் போகும். முகமைக்காரர் எழுதிக்கொள்வார் என்று விட்டுவிடாமல், இல்லத்துக்கும் ஒரு பிரதி போகிறதா என்று கேளுங்கள். விடுபட்ட கேள்விகளை அதோடு இணைத்து அனுப்பலாம், அந்த இரவுப்பணி ஆயா வேலையை விட்டுப் போவதற்குள்.