செகண்ட் ஹேண்ட் ஸ்டீரிங் சாமான்: போமனிடம் கேளுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் வேன் ஓட்டுகிறவர்கள் ஸ்டீரிங் சாமான் பற்றிக் கேட்டவற்றைச் சேர்த்து, ஒர்க்ஷாப் போமனாக (மெக்கானிக்காக) இங்கே பதில் சொல்கிறேன்.

பள்ளி வேன் ஓட்டும் தம்பி: அண்ணே, என் டொயோட்டா ஹைஏஸ் வேனில் ஸ்டீரிங் ரெக் (வீலைத் திருப்பினால் முன்சக்கரங்களை இடமும் வலமும் தள்ளும் சாமான்) எண்ணெய் ஒழுகுது. ஹாஃப் கட் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய வண்டி) கடையில் "ஹைஏஸ்னா எல்லாம் ஒன்னுதான், அப்படியே உட்காரும்" என்கிறார்கள். வாங்கலாமா?

ஒன்று இல்லை, தம்பி. 2004-இல் வந்த மாடலிலேயே குறுகிய பாடி 1,695 மில்லிமீட்டர் அகலம், அகலப் பாடி 1,880. அகலம் மாறினால் ரெக்கும் மாறும். ஜப்பானிலிருந்து வெட்டி வருவதில் நான்கு சக்கரமும் இழுக்கும் வேன்களும் கலந்திருக்கும், அவற்றின் முன்பக்க அமைப்பே வேறு. வேன் பேரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் ஆமாம் என்றுதான் சொல்வார். சாசிஸ் பிளேட்டில் இருக்கும் மாடல் குறியீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கேடிஎச்200 என்றால் குறுகிய பாடி, கேடிஎச்222 என்றால் அகலம்.

குறியீடு ஒத்துப்போனாலும் பழைய ரெக்கைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவதுதான் நல்லது. இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, போல்ட் ஓட்டைகளின் இடைவெளியை டேப் வைத்து அளந்து பாருங்கள். எண்ணெய்க் குழாய் மாட்டும் இடமும் மரையும் ஒன்றா என்று பாருங்கள். ஸ்டீரிங் ஜாயின்ட் வந்து மாட்டும் பினியன் தண்டில் ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்து, அங்கிருந்து சுற்றி எண்ணுங்கள். தண்டின் தடிமன் ஒன்றாக இருந்தும் பல் எண்ணிக்கை மாறியிருந்தால் ஜாயின்ட் ஏறாது. சுத்தியலால் தட்டி ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஒர்க்ஷாப்பை விட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் ரெக்கின் இரண்டு பக்க ரப்பர் உறையையும் (பூட்) விரலால் அமுக்குங்கள். உள்ளே எண்ணெய் தளும்பினால் சீல் போய்விட்டது, உங்கள் பழைய ரெக்கின் நோய்தான் அதற்கும். உறையின் கிளிப்பைத் தளர்த்தி, உள்ளே இருக்கும் ரெக் கம்பியைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துருப்புள்ளி இருந்தால் புது சீல் போட்டாலும் கிழிந்துவிடும். கடைசியாக, பினியனைக் கையால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுற்றுங்கள். குழாய் ஓட்டையில் துணி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சட்டை எண்ணெயாகிவிடும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் இறுகினால் கம்பி வளைந்திருக்கலாம். முன்பக்கம் அடிபட்ட வண்டியும் ஹாஃப் கட்டாக வரும்.

காய்கறி வேன் ஐயா: என்னுடையது பழைய வேன். ரெக் இல்லை, அதற்குப் பதில் ஸ்டீரிங் பாக்ஸ். கடைக்காரர் லூசே இல்லாத பாக்ஸ் ஒன்று காட்டுகிறார்.

லூஸ் இல்லை என்று சொன்னதும் நம்பிவிடாதீர்கள், ஐயா. மேலே இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை இறுக்கினால் எந்தக் கிழட்டுப் பாக்ஸும் கடையில் கெட்டியாகத்தான் இருக்கும். நேரே ஓடும்போது தேய்வது நடுப்பகுதி. அங்கே லூஸ் போகும்வரை இறுக்கினால், முழுக்க ஒடிக்கும்போது பிடித்துக்கொள்ளும். இரண்டு கோடிக்கும் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ட்ராப் ஆர்ம் (பாக்ஸின் அசைவைச் சக்கரப் பக்கம் கொண்டுபோகும் கை) மாட்டும் தண்டின் பல்லையும் உங்களுடையதோடு ஒப்பிடுங்கள்.

தோட்டத்து ஆள்களை ஏற்றும் அண்ணன்: செம்பனைத் தோட்ட ரோட்டில் ஓட்டி ஓட்டிக் கை வலிக்குது. பவர் ஸ்டீரிங் ஆக்கிவிடலாமா?

ரெக் மட்டும் வாங்கினால் ஆகாது, அண்ணே. பம்ப், அதன் பிராக்கெட், புல்லி, எண்ணெய் டாங்கி, குழாய்கள், ஸ்டீரிங் தண்டின் (காலம்) ஜாயின்ட் எல்லாம் வேண்டும். எஞ்சின் வேறாக இருந்தால் பிராக்கெட் உட்காராது, புல்லி பெல்ட்டோடு நேர்கோட்டில் நிற்காது. உங்கள் எஞ்சினே உள்ள ஒரே ஹாஃப் கட்டிலிருந்து முழு செட்டாகக் கிடைத்தால் செய்யுங்கள். இங்கொன்று அங்கொன்றாகப் பொறுக்கிச் சேர்ப்பதென்றால் நான் அந்த வேலையை எடுப்பதில்லை.

கேட்டரிங் அக்கா: முன்சக்கரப் பக்கம் மாட்டும் டை ராட் எண்ட், பால் ஜாயின்ட் எல்லாம் பழையது பாதி விலைக்குத் தருகிறார்களே?

வேண்டாம், அக்கா. தேய்வதற்கென்றே இருக்கும் சாமான் அது. புதிதாகவே போடுங்கள்.

இன்னொரு தம்பி: ஏர்பேக் உள்ள ஸ்டீரிங் வீல் கிடைக்குது. என் வேனில் ஏர்பேக் கிடையாது. அழகுக்கு மாட்டலாமா?

வீல் நடுவில் இருக்கும் பல், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பல் ஏறினாலும், ஹார்ன் வயர் அதில் சுருள் கேபிள் வழியாகப் போகும், அது உங்கள் வேனில் இல்லை. பழைய ஏர்பேக்கை அழகுக்காகக்கூட நெஞ்சுக்கு நேரே வைக்காதீர்கள்.

முதலில் கேட்ட தம்பியே: ரெக் மாற்றிய கையோடு புஸ்பாகோம் (வண்டிப் பரிசோதனை மையம்) போகலாமா?

முதலில் அலைன்மென்ட். அங்கே சைட் ஸ்லிப் பார்ப்பார்கள், வண்டி பக்கவாட்டில் இழுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து ஒடித்துக் காற்றை வெளியேற்றுங்கள். எண்ணெய் மூடியில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். சில நாள் பிள்ளைகள் இல்லாமல் ஓட்டிவிட்டு, ரப்பர் உறைக்குக் கீழே ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போங்கள்.