கடைசிப் பாட்டோடு கிளம்பிவிடுகிறவர்

கேள்வி: எனக்கு வயது 38. திருமணம் ஆகவில்லை. பெற்றோர் காலமாகிவிட்டார்கள். தம்பி குடும்பத்தோடு வேறு ஊரில் இருக்கிறான்; அவர்களுக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்று நான் அதிகம் போவதில்லை. போன மாதம் காய்ச்சலில் நான்கு நாள் படுத்துக் கிடந்தேன். என்ன ஏது என்று கேட்க ஓர் ஆள் இல்லை. ஞாயிறு ஆராதனையைத் தவறவிடுவதே இல்லை. ‘எப்போது கல்யாணம்?’ என்று பிடித்துக்கொள்வார்கள் என்பதால் கடைசிப் பாட்டு பாடும்போதே கிளம்பிவிடுவேன். இனியும் திருமணத்துக்காக ஜெபிக்கலாமா, இல்லை, தனிமைதான் எனக்குத் தேவசித்தமா? விசுவாசத்தில் இல்லாத, ஆனால் நல்ல குணமுள்ள ஒருவர் என்னைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறார். சம்மதிக்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, இதே கடிதம் வேறு வேறு கையெழுத்துகளில் பல வருடங்களாக எனக்கு வந்துகொண்டிருக்கிறது. ‘கர்த்தர் உங்களுக்கென்று ஒருவரை ஆயத்தமாக வைத்திருக்கிறார், காத்திருங்கள்’ என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுத மாட்டேன். அப்படியொரு வாக்குத்தத்தம் எல்லாருக்கும் வேதத்தில் கொடுக்கப்படவில்லை. கொடுக்காததை நம்பிக் காத்திருந்து, கடைசியில் தேவன்மேலேயே கசப்பானவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜெபிக்கலாமா என்றால், தாராளமாக ஜெபியுங்கள். அவனவனுக்கு அவனவனுக்குரிய வரம் உண்டு என்று ஆதி சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல் 1 கொரிந்தியர் 7-ல் எழுதுகிறார். ஒரு வரத்தைக் கேட்பதால் மற்றொன்றை அவமதித்ததாக ஆகாது. அந்தக் கேள்விக்கு இவ்வளவு போதும்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கடைசிப் பாட்டு பாடும்போதே கிளம்பிவிடுவீர்களா? எத்தனை வருடமாக? ஆசீர்வாதம் கூறுமுன் வாசலைத் தாண்டிவிடுகிற ஒருவரை யார் தெரிந்துவைத்திருக்க முடியும்? காய்ச்சலில் நான்கு நாள் யாரும் கேட்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவில்லை என்பது சபையில் யாருக்குத் தெரிந்திருக்கும்? நீங்கள் வந்த வாரத்திலும் அவர்கள் திரும்பிப் பார்த்தபோது உங்கள் இடம் காலியாகத்தானே இருந்தது? உங்கள் வீட்டுக்கு வரும் வழியை அடைத்துவைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்கிறீர்கள். கோபப்படாதீர்கள். இதை உங்களிடம் சொல்ல வேண்டிய அம்மா இன்று உயிரோடு இல்லை. அதனால் நான் சொல்கிறேன்.

‘எப்போது கல்யாணம்?’ என்கிற கேள்வி வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். கேட்கிறவர்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. திருமணமாகாத ஒரு பெண்ணிடம் பேசுவதற்கு வரனைத் தவிர வேறு விஷயமே இல்லை என்று நினைக்கிற சபைக் குடும்பங்கள் வெட்கப்பட வேண்டும். அவளை ஒருநாளும் தங்கள் வீட்டில் சாப்பிட உட்காரவைக்காமல், ‘உனக்காக ஜெபிக்கிறோம்’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது அன்பு ஆகாது. ஆனால் அவர்கள் செய்யும் பிழை உங்கள் கடமையை ரத்து செய்துவிடாது. கேள்வியை எதிர்கொள்ள ஒரே ஒரு பதில் போதும்: “தெரியவில்லை ஆன்ட்டி, ஜெபித்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?” இதைச் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் வலியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார். அடுத்த வாரம் உங்களைத் தேடுவார்.

பவுல் மனைவி இல்லாமல் வாழ்ந்தவர். அவர் எழுதிய ரோமர் 16-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பெயர் பெயராக 20-க்கும் மேற்பட்டவர்களுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டே போகிறார். அதில் ரூப்பு என்பவரின் தாயைக் குறிப்பிடும்போது, அவர் எனக்கும் தாய் என்கிறார். மணமாகாத ஒரு மனிதருக்கு எங்கோ ஒரு வீட்டில் ஓர் அம்மா இருந்திருக்கிறார். வேறு கடிதங்களில், தன்னோடு ஊழியம் செய்த இளைஞர் தீமோத்தேயுவைப் பிள்ளை என்று அழைக்கிறார். இந்த உறவெல்லாம் கூட்டம் முடிந்ததும் எழுந்து ஓடுகிறவருக்குக் கிடைத்திருக்குமா? ‘தேவன் தனிமையானவர்களுக்கு வீடுவாசல் ஏற்படுத்தி’ என்கிறது 68-ஆம் சங்கீதம். அந்த வீடு பெரும்பாலும் வேறு யாருடைய வீடாகவோதான் இருக்கும். அதற்குள் போக நமக்கு மனம் வேண்டும்.

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் கோரி டென் பூம், அவருடைய அக்கா பெட்ஸி, இருவருமே மணமாகாதவர்கள். கடிகாரம் பழுதுபார்க்கிற வயதான அப்பாவோடு வாழ்ந்தார்கள். பெற்றோரைப் பிரிந்திருந்த பிள்ளைகளை அந்த வீட்டில் வைத்து வளர்த்தார்கள். நாஜிகளின் காலத்தில் யூதர்களை அதே வீட்டில் ஒளித்துவைத்தார்கள். 1944 பிப்ரவரியில் குடும்பமே கைதானது. மறைவிடத்தில் இருந்த ஆறு பேரும் பிடிபடவில்லை. அப்பாவும் பெட்ஸியும் சிறைப்பட்ட நிலையிலேயே இறந்தார்கள். அந்த வீட்டைக் குடும்பம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

இனி உங்கள் தம்பி. ‘பாரமாக இருக்க வேண்டாம்’ என்று நீங்களாகவே முடிவெடுத்துவிட்டீர்கள், அவனைக் கேட்டீர்களா? அவன் பிள்ளைகளுக்கு நீங்கள் அத்தை. அத்தை என்பது சும்மா ஒரு விருந்தாளி கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கவும், அவர்கள் அப்பா சின்ன வயதில் செய்த குறும்பைச் சொல்லவும், தாத்தா பாட்டியைப் பற்றிச் சொல்லவும் இந்த உலகத்தில் உங்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்? திருமணம் ஆகவில்லை என்பதற்காகக் குடும்பத்துக்குச் செய்ய வேண்டிய கடமையிலிருந்து யாருக்கும் விடுப்பு கிடையாது. விவாகமில்லாதவள் கர்த்தருக்குரியவைகளுக்காகக் கவலைப்படுகிறாள் என்று பவுல் சொன்னது, பிள்ளைகளையும் முதியவர்களையும் கவனிக்க இருக்கிற உங்கள் நேரத்தையும் சேர்த்துத்தான் என்பது என் உறுதியான நம்பிக்கை.

உங்களை மணக்க விரும்புகிறவரைப் பற்றி: விதவை மறுமணம் செய்வதைச் சொல்லும்போதுகூட ‘கர்த்தருக்குட்பட்டவனாயிருக்கிற’ ஒருவனையே பவுல் சொல்கிறார். என் பதிலும் அதுதான்: சம்மதிக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். நீங்கள் முழங்கால்படியிடும் இடத்துக்கு உங்களோடு வர முடியாதவரிடம் வாழ்க்கையின் பாதியைப் பகிரமுடியாமல் மௌனமாக இருக்க நேரிடும். அப்படிப்பட்ட தனிமையைப் பற்றி எழுதுகிற மனைவிமார்களின் கடிதங்களும் எனக்கு வருகின்றன. அவரைக் காக்கவைக்காமல், மரியாதையாக, தெளிவாக இந்த வாரமே சொல்லிவிடுங்கள். சொல்வதற்கு முன்பும் பின்பும் உங்களோடு ஜெபிக்க ஒருவர் வேண்டும். போதகரின் மனைவியோ, பக்கத்து வரிசையில் உட்காருகிற பெரியம்மாவோ, யாராக இருந்தாலும் சரி. வரும் ஞாயிறு ஆசீர்வாதம் முடியும்வரை இருந்து, அவரிடம் போய், “உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும், உங்கள் வீட்டுக்கு எப்போது வரலாம்?” என்று கேளுங்கள்.