ஜோர்டானில் பெட்ரா போகும் வழியில் உள்ள மாதபா ஊருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதுமா?

போதாது. சுற்றுலா பஸ்கள் அப்படித்தான் செய்கின்றன. புனித ஜார்ஜ் தேவாலய வாசலில் இறக்கிவிடுவார்கள், தரையில் வண்ணக் கல் துண்டுகளைப் பதித்துச் செய்த மொசைக் வரைபடத்தை எட்டிப் பார்க்கச் சொல்வார்கள், பிறகு நேபோ மலைச் சாலையில் ஒரு பெரிய கடைக்குள் தள்ளிவிடுவார்கள். முடிந்தால் மாதபாவிலேயே இரவு தங்குங்கள். அம்மானுக்குத் தென்மேற்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் இருக்கும் ஊர். விமான நிலையமும் பக்கம். நாங்கள் அம்மானை விட்டுவிட்டு இங்கேதான் தங்கினோம், நெரிசலிலிருந்து தப்பித்தோம்.

அந்த வரைபடத்துக்கு வருகிறேன். புனித பூமியைக் காட்டும் வரைபடங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது இதுதான். 1880 வாக்கில் கரக் நகரிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்தப் பாழ்மேட்டில் குடியேறின. பழைய தேவாலயத்தின் இடிபாட்டின் மேல் புதியதைக் கட்டப் போனபோது 1884இல் இது தென்பட்டது. அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. இப்போது இருப்பது ஏறத்தாழ 16க்கு 5 மீட்டர்.

பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: இதில் மேலே இருப்பது கிழக்கு. வடக்கை மேலே தேடினால் ஒன்றும் பிடிபடாது. திசை புரிந்துவிட்டால் எருசலேம் தானாகக் கண்ணில் படும். முட்டை வடிவ மதில், நடுவே இரு பக்கமும் தூண் வரிசையுடன் நீண்ட தெரு. 542இல் அர்ப்பணிக்கப்பட்ட நேயா தேவாலயம் படத்தில் இருக்கிறது, 570க்குப் பின் எழுந்த கட்டடம் எதுவும் இல்லை. வரைபடத்தின் காலத்தை இதை வைத்தே கணித்தார்கள். பிற்காலத்தில் எருசலேமில் அகழ்ந்தபோது நேயாவின் அடித்தளம் படம் காட்டிய இடத்திலேயே கிடைத்தது. பளிங்கையும் சுண்ணாம்புக் கல்லையும் துண்டுதுண்டாகப் பதித்தவர்கள் எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள் பாருங்கள்!

எனக்குப் பிடித்தது யோர்தான் நதியின் மீன். சாக்கடலின் உப்பு ஒத்துக்கொள்ளாமல், முகத்துவாரத்தருகே திரும்பி எதிர்நீச்சல் போடுகிறது. கலைஞன் குறும்புக்காரன். சாக்கடலில் இரண்டு படகுகளும் உண்டு. உயிருள்ளவற்றின் உருவங்களைத் தீட்டுவதை எதிர்த்தவர்கள் பிற்காலத்தில் படகோட்டிகளைச் சிதைத்துவிட்டார்கள். சாக்கடலுக்குக் கிழக்கே உள்ள மோவாப் பகுதியில் மானைத் துரத்தும் சிங்கத்துக்கும் அதே கதிதான். மான் மட்டும் பிழைத்துக்கொண்டது.

வரைபடத்தோடு திரும்பிவிடுபவர்கள் இழப்பது அப்போஸ்தலர் தேவாலயத்தை. 578இல் இட்ட தளத்தின் நடுவே, கடலைப் பெண்ணாக உருவகித்த தலாசா, மீன்கள் சூழ எழுந்து வருகிறாள். செய்தவர் பெயர் சலமானியோஸ் என்று தளத்திலேயே பொறித்திருக்கிறது. நாங்கள் போனபோது அங்கே வேறு யாருமே இல்லை.

மொசைக் தொழில் இன்றும் உயிரோடிருக்கிறது. 1992இல் தொடங்கிய மொசைக் பள்ளி பழைய தளங்களைச் செப்பனிடவும் ஆட்களைப் பயிற்றுவித்திருக்கிறது. பட்டறைகளில் கல்லைக் குச்சியாக அறுத்து, குறடால் நறுக்குகிறார்கள். படம் வரைந்த துணியில் மாவுப் பசையால் ஒவ்வொரு துண்டாக ஒட்டி, மேலே சிமெண்டு ஊற்றி, இறுகியதும் திருப்பித் துணியை உரித்தெடுக்கிறார்கள். உட்கார்ந்து பார்க்க அலுக்கவே இல்லை. வாங்குவதானால் சாலையோரப் பெரிய கடைகளைத் தவிர்த்து, தேவாலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் தேடுங்கள். நிறம் கல்லின் இயல்பான நிறமா என்று கேட்டுவிட்டு, பேரம் பேசுங்கள். மேசைப் பலகை அளவுக்கு ஆசைப்பட்டால் விமானத்தில் எடைக் கட்டணம் அழ வேண்டியிருக்கும். எடை வேண்டாமென்றால் பனி ஹமீதா என்ற பழங்குடியைச் சேர்ந்த பெண்கள் நெய்யும் கம்பளி விரிப்பு நல்லது.

ஞாயிறு காலை புனித ஜார்ஜில் வழிபாடு நடக்கும், பார்வையாளர்களை விட மாட்டார்கள். பயணத் திட்டத்தில் அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பல சுற்றுலா இடங்களுக்கும் சேர்த்து வாங்கும் ஜோர்டான் பாஸ் வைத்திருந்தாலும் அங்கே தனி டிக்கெட்தான், ஆனால் விலை சொற்பம்.